முதல் நாற்பது விநாடி

ஜமைக்கா எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் பால்பாண்டி முழிப்பான். ஆனால் அந்த ஊர்ப் பாட்டுகளில் முப்பதுக்குக் குறையாமல் அவனுக்குத் தெரியும். ஒவ்வொன்றிலும் முதல் நாற்பது விநாடி. அதற்கு மேல் ஒரு பாட்டைக்கூட அவன் கேட்டது கிடையாது.

அவன் வேலை பார்க்கிற மைக்செட் கடை அட்டக்குளங்கரையில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் பின்சுவரை ஒட்டி இருந்தது. வாடகைக்குப் போய்த் திரும்பும் பேஸ் ஸ்பீக்கர் பெட்டியை ஒருதரம் ஓட்டிப் பார்த்துத்தான் அடுக்க வேண்டும். அதற்கென்று முதலாளி ஸ்ரீகுமாரிடம் ஒரு பென்டிரைவ் உண்டு. கப்பலில் வேலை பார்த்த எவனோ ஏற்றிக் கொடுத்தது. ரெகே, டான்ஸ்ஹால் என்கிற ஜமைக்கா வகைகள், பிறகு மனுஷக் குரலே இல்லாமல் மெஷின் மட்டும் உறுமுகிற ஒரு வகை. பெட்டி கிழிந்திருந்தால் இந்தப் பாட்டுகளில் உடனே பல்லிளித்துவிடும். நாற்பது விநாடி போதும். நாற்பத்தோராவது விநாடியில் சுவருக்கு மேலே ஒரு நர்ஸம்மாவின் தலை முளைக்கும்.

"நிறுத்துடோ! இவிடெ பிள்ளை பிறக்கணும்!"

பாட்டுகளின் பெயர் அவனுக்குத் தெரியாது. அவனாக வைத்த பெயர்கள்தான். ஒன்று 'ஓட்டை லாரி'. ஒன்று 'பன்னி உறுமல்'. ஆடி அசைந்து வருகிற ஒரு ரெகேவுக்கு 'மாமியார் நடை'. அவனுக்குப் பிடித்தது அதுதான். அதில் முதல் தட்டு காலியாகக் கிடக்கும். இரண்டாவதும் பெரிதாக ஒன்றும் இராது. மூன்றாவதில்தான் டிரம் காலை ஊன்றும். இரண்டு பேர் சேர்ந்து பெட்டி தூக்குவதும் அந்தக் கணக்குத்தான். ஒன்று என்றால் குனிய வேண்டும், இரண்டு என்றால் பிடிக்க வேண்டும், மூன்றில் தூக்க வேண்டும். மூன்றுக்கு முன்னால் அவசரப்பட்டவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

பால்பாண்டி அவசரப்பட்டவன் இல்லை. பதினாலு வருஷம் ஒழுங்காக மூன்றில்தான் தூக்கினான். அப்படியும் போன மாசி மாதம் குடல் இறங்கிவிட்டது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்து, உள்ளே வலை வைத்துத் தைத்து அனுப்பினார்கள். "இனி பத்து கிலோவுக்கு மேலே தூக்கினால் அடுத்த தடவை நேராக மேலேதான்" என்றார் டாக்டர். ஒரு பேஸ் பெட்டி தொண்ணூறு கிலோ. ஊரில் அம்மாவுக்கு முடியவில்லை என்று கடையில் சொல்லி மூன்று வாரம் லீவு எடுத்தான். திசையன்விளையில் அம்மா தெம்பாகத்தான் இருந்தாள். தூக்க முடியாத சுமட்டுக்காரனை வைத்துக்கொண்டு எந்த முதலாளி சோறு போடுவான்?

ஒரே வழி நாற்காலிதான். நிகழ்ச்சி நடக்கும்போது மிக்சருக்கு முன்னால் ஆபரேட்டர் உட்காருகிற நாற்காலி. உட்கார்ந்தே செய்கிற வேலை. எடை என்று பார்த்தால் ஒரு விரலை ஏற்றி இறக்குகிற எடை. அந்த நாற்காலியில் இருந்தவன் துபாய்க்கு விமானம் ஏறிவிட்டான். இடம் காலி.

"நீயோ?" என்றான் ஸ்ரீகுமார். "பாண்டி, நீ நல்ல ஆளு. பட்சே ஆபரேட்டருக்குப் பாட்டு அறியணும்."

"அறியும் முதலாளி. பதினாலு வருஷமா உங்க பாட்டைத்தான் கேக்கேன்."

"ம்ம். ஞாயிறாழ்ச்ச ஒரு ரெகே பரிபாடி உண்டு. அந்தக் கொச்சு வரும். அவளுக்குப் பிடிச்சா நாற்காலி உனக்கு. ஸ்திரமாயிட்டு."

அந்தக் கொச்சு என்றது ஆதிராவை. லண்டனில் எதையோ படித்து, டெக்னோபார்க்கில் எதையோ பார்த்து, இரண்டையும் விட்டுவிட்டுப் பாட்டுப் போடுவதைத் தொழிலாக வைத்திருந்தாள். விழிஞ்ஞம் துறைமுகத்தின் கிரேன்கள் தெரிகிற மாதிரி பாறை மேல் ஒரு ரிசார்ட். அதன் புல்தரையில் ஞாயிறு நாலு மணி முதல் ஏழு மணி வரை. நிகழ்ச்சிக்குப் பெயர் 'வேர்கள்'. அவளே கடைக்கு வந்து பெட்டிகளைப் பார்த்தாள். பிறகு பால்பாண்டியைப் பார்த்தாள்.

"சேட்டன் ரெகே கேக்குமோ?"

"கேப்பேன் மோளே."

அவள் நம்பவில்லை. போனைப் பெட்டியில் இணைத்து ஒரு பாட்டை ஓட்டினாள். இரண்டு தட்டு விழுவதற்குள் பால்பாண்டி சொன்னான்: "இதுல பேஸ் வட்டமா வரும். அடிவயித்துல கைய வச்சுத் தள்ளுற மாதிரி. பொம்பளக் குரல் இப்ப வரும், பாருங்க." வந்தது. அடுத்ததைப் போட்டாள். "இது ஓட்டம். இவன் பாட மாட்டான், ஏசுவான். பெட்டி சூடேறும்." அதுவும் சரி. மூன்றாவதற்கு அவன் கையை உயர்த்தி, "இதை மெல்லத் தொடங்கணும் மோளே, இல்லன்னா பெட்டியோட காயில் எரிஞ்சு போயிரும்" என்றான். அப்புறம் வாய் சும்மா இருக்காமல், ரெகேவில் மூன்றாவது தட்டில் கால் ஊன்றுவதையும், பெட்டி தூக்குகிற கணக்கையும் குனிந்து காட்டினான்.

ஆதிராவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சேட்டா, இது அடிமைகளாக் கொண்டுபோன மனுஷங்களோட சங்கீதம். சுமந்தவங்களோட சங்கீதம். நீங்க ஒரு வார்த்தை படிக்காம அதைப் பிடிச்சுட்டீங்க!"

"பேஸ் நல்லா இருக்கும்" என்றான் பால்பாண்டி.

அன்றைக்கே வாட்சப்பில் ஒரு பட்டியல் வந்தது. 'கேட்டே ஆகவேண்டிய பன்னிரண்டு.' ஆறு ரெகே, மூன்று டான்ஸ்ஹால், மூன்று பேஸ் மியூசிக். எல்லாவற்றையும் முழுசாகக் கேட்டுவிட்டு வரச் சொல்லியிருந்தாள்.

சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவுக்குப் பின்னால் அவனுக்கு ஒற்றை அறை வீடு. போனில் பேஸ் எங்கே கேட்கும்? டிக் டிக் என்று பல்லி கத்துகிற மாதிரி இருந்தது. பால்பாண்டி செம்புக் குடத்துத் தண்ணீரை வாளியில் ஊற்றிவிட்டு, போனைத் துணியில் கட்டிக் குடத்துக்குள் தொங்கவிட்டு, குடத்தின் வாயில் காதை வைத்தான்.

அவன் மனைவி சுஜா தம்பானூரில் ஒரு ஓட்டலில் காய் நறுக்குகிறவள். வேலை முடிந்து வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன, குடத்துக்குள்ள யாரு? உங்க அம்மையா?"

"சும்மா கெட பிள்ளே. படிச்சிட்டிருக்கேன்."

"பத்தாங்கிளாசுல இப்படிக் குடத்துக்குள்ள தலைய விட்டிருந்தா இன்னைக்குத் தாசில்தார் ஆகியிருப்பிய."

பட்டியல் பன்னிரண்டும் எட்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. நாற்பது விநாடி ஆனதும் அவன் விரல் தானாக அடுத்ததற்குப் போயிற்று. ஏழு பாட்டு ஏற்கெனவே பென்டிரைவில் இருப்பவை. மற்ற ஐந்தும் அதே ஜாதி.

"அதுக்குள்ளயா? முழுசாக் கேக்கச் சொல்லியிருக்குல்லா" என்றாள் சுஜா.

"கேட்டாச்சு. தொடக்கத்துல என்ன உண்டோ அதுதான் கடைசி வரைக்கும் சுத்திச் சுத்தி வரும். பெட்டி நல்லதா மோசமான்னு தெரிய இவ்வளவு போதும்."

"பெட்டி நல்லதான்னா கேட்டாவ? பாட்டைல்லா கேக்கச் சொன்னாவ."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றான் பால்பாண்டி. அவன் அதை மனதார நம்பினான்.

ஞாயிற்றுக்கிழமை ரிசார்ட் வாசலில் செக்யூரிட்டி வண்டியை மறித்து, அடுக்களை வழியாகப் போகச் சொன்னான். சுமந்தவர்களின் சங்கீதத்துக்கான எட்டுப் பெட்டிகளும் மீன் கழுவுகிற இடத்தைத் தாண்டி, எச்சில் தட்டு அடுக்குகிற இடத்தைத் தாண்டிப் புல்தரைக்குப் போய்ச் சேர்ந்தன. வந்திருந்த சுமட்டுக்காரர் மூன்று பேர். நாலாவதாக ஒரு கை தேவைப்பட்டது. இன்றைக்குக் கடைசி என்று நினைத்துக்கொண்டு பால்பாண்டியும் பிடித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. தையல் போட்ட இடம் சுரீர் என்றது.

"அண்ணே, நீங்க விடுங்க. இன்னைக்கு நீங்க ஆபரேட்டர்" என்றான் யூசுப். களியக்காவிளைக்காரன். கடையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எதைச் சொன்னாலும் செய்வான், சொல்லாததைச் செய்யவே மாட்டான்.

மிக்சருக்கு ரிசார்ட்டிலிருந்து ஒரு பிரம்பு நாற்காலி போட்டிருந்தார்கள். மெத்தை வைத்தது. பால்பாண்டி உட்கார்ந்தான். முதுகைச் சாய்த்தான். பதினாலு வருஷத்தில் எத்தனையோ மேடைகளைக் கீழே இருந்து, பின்னால் இருந்து, பெட்டிச் சந்தில் இருந்து பார்த்திருக்கிறான். நேர் எதிரே உட்கார்ந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. கடல் தெரிந்தது. கிரேன்கள் தெரிந்தன. ஒருத்தன் வந்து, "சாருக்கு சாயா வேணுமோ?" என்று கேட்டான். சார் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை.

ஆதிரா மைக்கைப் பிடித்து ஒடுக்கப்பட்டவர்களைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினாள். சட்டை போட்டவர்களும் போடாதவர்களுமாக இருநூறு பேர் கைதட்டினார்கள். முதல் பாட்டு தொடங்கியது. மாமியார் நடை.

நாற்பதாவது விநாடியில் பால்பாண்டியின் வலதுகை தானாக எழுந்து நிறுத்தப் போயிற்று. கையைப் பிடித்து இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். பாட்டு போய்க்கொண்டே இருந்தது. அதற்கு இவ்வளவு நீளம் உண்டு என்பதே அவனுக்கு ஆச்சரியம். நர்ஸம்மா இல்லாத ஊரில் பாட்டுகள் இப்படித்தான் வளரும்போல. சொன்னபடியே சுற்றிச் சுற்றி அதேதான் வந்தது. இரண்டாவது பாட்டும் அப்படியே. கொஞ்சம் தைரியம் வந்து கையை எடுத்து சாயாவைக் குடித்தான். ஆதிரா அங்கிருந்தே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

மூன்றாவது பாட்டில் இரண்டு நிமிஷம் தாண்டியதும் பேஸ் நின்றுபோனது.

மெலிந்த கிதார் மட்டும் சுக் சுக் என்று ஓடியது. டிரம் எங்கோ கிணற்றுக்குள் இருந்து எதிரொலித்தது. பேஸ் இல்லை. எட்டுப் பெட்டியும் ஒரே நேரத்தில் செத்துப்போன மாதிரி இருந்தது. அந்த வகைப் பாட்டில் நடுவில் பேஸை வேண்டுமென்றே உருவிவிட்டு, ஆளை ஏங்க வைத்து, பிறகு திருப்பிக் கொடுப்பார்கள். அதுதான் அதன் அழகே. பாதிப் பாட்டுக்கு மேல் கேட்ட எவனுக்கும் அது தெரியும். பால்பாண்டிக்குத் தெரிந்ததெல்லாம், ஓடிக்கொண்டிருந்த பேஸ் நின்றால் ஒயர் கழன்றிருக்கிறது என்பதுதான்.

நாற்காலி போச்சு என்று நினைத்தான். வேறு நினைப்பே வரவில்லை.

"யூசுப்பே! இங்க உக்காரு. ஒண்ணையும் தொடாத! செத்தாலும் தொடாத!"

சொல்லிவிட்டு ஓடினான். ஆடுகிறவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு பெட்டிகளுக்கு நடுவே பாய்ந்து, பேஸ் பெட்டிகளுக்குப் போகிற மெயின் ஒயரின் கொண்டையைத் திருகிப் பிடுங்கினான். சட்டை நுனியால் துடைத்தான். அதே நேரம் பாட்டில் பேஸ் திரும்பி வந்துவிட்டது. வந்தது ஒயருக்குள்தான். ஒயரோ இவன் கையில் இருந்தது. சொருகினான். எட்டுப் பெட்டியும் சேர்ந்து 'திம்' என்று ஒரு உதை உதைத்ததில் மேசையில் இருந்த கிளாஸ்கள் குதித்தன. கூட்டம் ஓ என்று கத்தியது.

கத்துகிறார்கள் என்றால் திட்டுகிறார்கள். பால்பாண்டி ஒயரை ஆட்டிப் பார்த்தான். லூஸ் காண்டாக்ட் இருந்தால் ஆட்டத்தில் தெரியும். பேஸ் விட்டு விட்டு வந்தது. அவன் ஆட்டினதால்தான் விட்டு விட்டு வந்தது. மறுபடியும் பாட்டு பேஸை உருவியது. இவன் மறுபடியும் பிடுங்கினான். ஊதினான். சொருகினான். திம். கூட்டம் பைத்தியம் பிடித்த மாதிரி குதித்தது. ஒரு பெரியவர், வெள்ளை வேட்டிக்காரர், பக்கத்தில் வந்து அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பால்பாண்டியும் கும்பிட்டான். மன்னித்துக்கொள்ளுங்கள் என்ற அர்த்தத்தில்.

அந்தப் பாட்டு முடிகிற வரை, ஆறு நிமிஷத்துச் சொச்சம், அவன் பெட்டிச் சந்தில் வியர்த்து வழிந்து ஒயரோடு மல்லுக்கட்டினான். நாற்பது போன்கள் அவனைப் படம் பிடித்தன.

பாட்டு முடிந்தது. ஆதிரா ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டாள்.

"எந்து மனுஷனா நீங்க! லைவா ஒயரை வச்சே வாசிச்சீங்க! லண்டன்ல கூட நான் கண்டிட்டில்ல!"

"மோளே, அது தப்பா நடந்துபோச்சு. பேஸ் போயிருச்சுன்னு நெனச்சு ஓடி வந்தேன்."

அவள் ஒரு நொடி அவனை உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "எவ்வளவு எளிமை!" என்றாள். நாற்காலிக்குத் திரும்பப் போனவனை மிச்ச நேரமும் பெட்டிப் பக்கத்திலேயே நிறுத்திவைத்தாள். அவன் சொன்னதை அப்போதே போனில் எழுதிப் போட்டும் விட்டாள். 'பேஸ் போய்விட்டது என்று நினைத்து ஓடி வந்தேன் — பால்பாண்டி.' ராத்திரிக்குள் மூவாயிரம் பேர் அதற்கு இதயம் போட்டார்கள்.

திங்கட்கிழமை காலையில் ஸ்ரீகுமார் கடைவாசலிலேயே காத்திருந்தான்.

"பாண்டி! அடிபொளி! அடுத்த ஆறு பரிபாடியும் நமக்குத்தான். உன் பேரு போஸ்டர்ல வரும்." போனை நீட்டினான். கறுப்பில் மஞ்சள் எழுத்து. ஆதிரா பெயருக்குக் கீழே, அதே அளவில்: பேஸ் — பால்பாண்டி.

"அப்ப நாற்காலி?" என்றான் பால்பாண்டி.

"நாற்காலியா? நீ பெட்டிப் பக்கத்தில நிக்கணும்னு அவ தெளிவா சொல்லியிருக்கா. உன்னைப் பார்க்கத்தான் ஆளு வருது. நாற்காலியில இருந்தா யாரு பார்ப்பா?"

"பின்ன மிக்சர்ல?"

"யூசுப் மதி, அவன் போதும். நேத்து நீ எழுந்து ஓடின பிறகு கடைசி வரை அவன் ஒண்ணையும் தொடலையாம். இதுவரை எந்த ஆபரேட்டரும் அவ பாட்டுல கை வைக்காம இருந்ததில்லையாம். அவளுக்கு அந்தப் பையனை அத்தனை இஷ்டம். ஸ்திரமாக்கிட்டேன்."

பால்பாண்டி வாயைத் திறந்தான். உண்மையைச் சொல்லலாம். ஓடுகிற ஒயரைக் காரணமில்லாமல் பிடுங்கினேன் முதலாளி, பாட்டு எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். சொன்னால் லட்ச ரூபாய் ஆம்ப்ளிஃபயரை எரிக்கப் பார்த்தவன் என்று அன்றைக்கே வெளியே போக வேண்டியதுதான். வயிற்றைக் காட்டலாம். காட்டினால் இந்த ஆறு நிகழ்ச்சி நாள் போக மிச்ச நாளெல்லாம் கல்யாணத்துக்கும் கட்சி மீட்டிங்குக்கும் பெட்டி தூக்க வேறு ஆள் வருவான். சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு வாயை மூடினான்.

வீட்டில் சுஜா போஸ்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நல்ல பெரிய எழுத்து. நாற்காலி கெடச்சிட்டா?"

"கெடச்சிட்டு. யூசுப்புக்கு."

அவள் சிரிக்கவில்லை. அடுப்பில் கஞ்சியை ஒருதரம் கிளறினாள். "அன்னைக்கே முழுசாக் கேளுங்கன்னு சொன்னேன்" என்றாள்.

அன்றிரவு அவன் அந்த மூன்றாவது பாட்டைக் குடத்துக்குள் இறக்கி, கடைசி வரை கேட்டான். பேஸ் எங்கே போகிறது, எங்கே வருகிறது என்று விரல் மடக்கி எண்ணினான். நாலு இடம். இனி தப்பே நடக்காது. ஆனால் தப்பைத்தான் அவர்கள் கேட்டிருந்தார்கள். அதனால் எந்தெந்த இடத்தில் தெரியாத மாதிரி ஓட வேண்டும் என்றும் எண்ணி வைத்துக்கொண்டான்.

இரண்டாவது நிகழ்ச்சி கழக்கூட்டத்தில், ஒரு பெரிய ஆபீசின் பின்புல்வெளியில். யூசுப் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டதால் தூக்க ஒரு கை குறைந்தது. பால்பாண்டி குனிந்தான், பிடித்தான், மூன்றில் தூக்கினான். எட்டுப் பெட்டி. அவனைக் கண்டதும் நாலைந்து பேர் படம் எடுத்துக்கொண்டார்கள். "பெட்டியோட எடுங்க, அதுதான் நிஜம்" என்றாள் ஒருத்தி.

எல்லாம் அடுக்கி முடித்து, வயிற்றை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, பெட்டிமேல் சாய்ந்தான். மைக்கில் யூசுப்பின் குரல் பயந்து பயந்து வந்தது.

"அண்ணே... இடதுபக்கப் பெட்டி நாலையும் கொஞ்சம் முன்னால நகத்தணுமாம்."

"எவ்வளவுடே?"

யூசுப் மைக்கை மூடிக்கொண்டு பக்கத்தில் யாரிடமோ கேட்டான். திரும்ப மைக்குக்கு வந்தான்.

"தெரியலண்ணே. நகத்திட்டே இருக்கணுமாம், ஆதிரா மேடம் போதும்னு சொல்ற வரைக்கும்."

பால்பாண்டி முதல் பெட்டியின் பிடியில் கையை நுழைத்தான்.